கம்பி நின்ற இடம்

1

எங்கள் அப்பாயிக்குத் திருப்பூரிலிருந்து மாசம் ஒருமுறை போன் வரும். 1998, 99 வாக்கில் நடந்தது இது. சித்தப்பா அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். கீரமங்கலத்தை ஒட்டியிருக்கும் எங்கள் காலனியில் அப்போது ஒரு போன்கூடக் கிடையாது. ஊர்த்தெருவில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வீட்டு நம்பரைத்தான் 'பி.பி. நம்பர்' என்று சித்தப்பா எழுதி வைத்திருந்தார். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகும். முன்வாசல் எங்களுக்கு இல்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப் போய் முருங்கை மரத்தடியில் நிற்போம். போன் கூடத்தில் இருக்கும். மணியடித்ததும் அந்த வீட்டம்மா எடுப்பார். சன்னல் வழியாகச் சத்தம் வரும்.

"ஒம் மவந்தான் பேசுறான். நல்லாருக்கானாம். ஒடம்பு எப்புடியிருக்குன்னு கேக்குறான்."

"நல்லாருக்கேன்னு சொல்லுங்க ஆத்தா."

"சரி, வச்சிரவா?"

அவ்வளவுதான். ரிசீவரை ஒருநாளும் அப்பாயி கையில் கொடுத்ததில்லை. கொடுத்தால் தீட்டு. நாலு வருசம் மகன் பேசினான். மகன் குரலை அந்தக் கிழவி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நூறு பேருக்கு எத்தனை போன் என்பதைத் 'தொலைபேசி அடர்த்தி' என்கிறார்கள். தோப்புக்காரர் வீட்டுக் கூடத்தில் இருந்த அந்த ஒரு போன், கொல்லையில் நின்ற எங்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கில் வகுக்கப்பட்டது. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே இருந்த சுவரை எந்தக் கணக்கும் எழுதவில்லை. இன்று போனின் இடத்தில் இணையம் இருக்கிறது. சுவர் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2

கிராமத்துக்கு ஏன் இணையம் சரியாக வரவில்லை என்று கேட்டால் அதிகாரியும் கம்பெனிக்காரரும் பொருளாதாரம் படித்தவரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். மக்கள் நெருக்கம் குறைவு. ஒரு டவர் நிறுத்த ஆகும் செலவு, அதன் கீழே நூறு பேர் இருந்தாலும் ஐயாயிரம் பேர் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணாடியிழைக் கம்பியை ஒரு கிலோமீட்டர் இழுக்கிற கூலியும் அப்படியே. நகரத்தில் அந்த ஒரு கிலோமீட்டரில் ஆயிரம் வீடு இருக்கும். கிராமத்தில் பத்து வீடு இருக்கும். பத்து வீட்டுக்காரன் கட்டும் பணத்தில் போட்ட முதல் திரும்பாது. எனவே கம்பி நகரத்துக்கே போகும்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 555. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 348. அதே கணக்கெடுப்பில், வீட்டில் இணையத்தோடு கணினி வைத்திருந்த குடும்பங்கள் இந்திய நகரங்களில் நூற்றுக்கு 8.3, கிராமங்களில் 0.7. தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் எடுத்த கணக்கில், ஏதாவது ஒரு வகையில் இணைய வசதி உள்ள குடும்பங்கள் நகரத்தில் நூற்றுக்கு 42, கிராமத்தில் 14.9. மக்கள் நெருக்கமும் இணையமும் கைகோத்துப் போவது போலத்தான் தெரிகிறது.

ஆனால் நெருக்கம்தான் காரணம் என்றால் பீகாருக்கு என்ன பதில்? 2011இல் சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேரோடு இந்திய மாநிலங்களிலேயே நெருக்கம் மிகுந்தது அதுதான். தொலைபேசி அடர்த்தியில் பல ஆண்டுகளாகவே அது அடிமட்டத்தில் கிடக்கிறது. பின்லாந்தில் சதுர கிலோமீட்டருக்கு 20 பேர்கூடக் கிடையாது. காடும் ஏரியும் பனியும்தான். அந்த நாடு 2010 ஜூலை 1 முதல் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒவ்வொரு குடிமகனுக்கும் சட்டப்படியான உரிமை என்று அறிவித்தது. ஆக, நெருக்கம் என்பது செலவைச் சொல்லும். அந்தச் செலவை யாருக்காகச் செய்வது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது அதிகாரம்.

இன்னும் கிட்டே வந்து பாருங்கள். மாவட்டச் சராசரி 348 என்கிறார்களே, அந்த 348 பேரும் நிலத்தில் சமமாகப் பரவியா கிடக்கிறார்கள்? கீரமங்கலம் பக்கம் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். தென்னந்தோப்பு, பூக்கொல்லை, பலா மரம். தோப்புக்குள்ளே ஒரு வீடு. அடுத்த வீடு இருநூறு அடி தள்றி. அப்படியே போனால், கொஞ்சம் பள்ளத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒட்டி ஒட்டி வீடுகள். சின்னச் சின்ன மனை. ஒரு வீட்டுக்குள் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம். அதுதான் காலனி. எங்கள் தெருவில் ஒரு ஏக்கருக்குள் 62 வீடு. சதுர கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றினால் நாங்களும் சென்னைக்காரர்கள்தான்!

அந்த வாதப்படி பார்த்தால் கம்பி முதலில் எங்களிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்? நெருக்கமான வாடிக்கையாளர்கள், குறைந்த கம்பி, அதிக வரவு. வரவில்லை. தோப்புக்குள் தனியே நிற்கும் வீட்டுக்குப் போனது. எங்கள் நெருக்கம் நாங்களாக விரும்பி நெருங்கியதால் வந்ததல்ல. நிலம் இல்லாததால், வேறெங்கும் மனை வாங்க விடாததால், நெருக்கித் தள்ளப்பட்டதால் வந்தது. மக்கள் நெருக்கம் என்று புள்ளிவிவரம் எழுதுவது எங்களைப் பொறுத்தவரை நெருக்கடி. சாதி உண்டாக்கிய நெருக்கத்தைச் சந்தை நெருக்கமாகவே எண்ணுவதில்லை.

3

கம்பிகளின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும்.

தமிழ்நாட்டில் முதலில் கிராமத்துக்கு வந்த பெரிய கம்பி மின்சாரம். அது எதற்காக வந்தது? பம்புசெட்டுக்காக. கிணறு உள்ளவனைத் தேடி மின்கம்பம் வயலுக்குள் நடந்து போனது. கிணறு இல்லாத சேரி இருட்டிலேயே கிடந்தது. ஆனால் ஒரு விசயம். மின்மயமான கிராமங்கள் எத்தனை என்று ஒரு கட்டம் போட்ட மாநில அரசு, மின்மயமான ஆதிதிராவிடர் காலனிகள் எத்தனை என்று பக்கத்தில் இன்னொரு கட்டமும் போட்டது. ஊருக்குக் கம்பி போனால் சேரிக்குப் போனதாக ஆகாது என்று அந்த இரண்டாவது கட்டத்தின் மூலம் அரசே ஒப்புக்கொண்டது. அந்தக் கட்டம் இருந்ததால்தான் "எங்க காலனி விட்டுப்போச்சு" என்று மனு எழுத முடிந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு வந்ததும் அந்த வழியில்தான்.

அடுத்து வந்த கம்பி தொலைபேசி. இங்கே அந்த இரண்டாவது கட்டம் காணாமல் போனது.

1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டது. கிராமத்துக்கென்றே அது உருவாக்கிய 128 இணைப்புள்ள சிறு தானியங்கி இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. குளிர்சாதன அறை வேண்டாம். வெயிலையும் தூசியையும் தாங்கும். அருமையான பொறியியல்தான். ஆனால் 128 இணைப்பு என்றால் அந்த வட்டாரத்தில் யார் அந்த 128 பேர்? முன்பணம் கட்ட முடிந்தவர்கள்.

1994ஆம் ஆண்டு தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 1997க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்றது. 1999 கொள்கை, கிராமத் தொலைபேசி அடர்த்தி 0.4 என்று ஒப்புக்கொண்டு 2010க்குள் அதை 4 ஆக்குவோம் என்றது. 2002இல் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கை வாங்கிக் கிராமங்களுக்குச் செலவிட அனைவருக்குமான சேவை நிதியும் வந்தது. நல்லது. ஆனால் 'கிராமம்' என்று எதை எண்ணினார்கள்? கணக்கெடுப்புக் கிராமத்தை. அதில் ஏதாவது ஒரு இடத்தில் ஒரு பொதுத் தொலைபேசி வைத்துவிட்டால் அந்தக் கிராமம் முடிந்தது. எங்கே வைத்தார்கள், அந்த வாசற்படியை யார் மிதிக்கலாம், இரவில் பிரசவ வலி வந்தால் யார் போய்க் கதவைத் தட்டலாம் என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசியக் கண்ணாடியிழைத் திட்டமும் அப்படித்தான். பின்னால் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு இழை என்பது இலக்கு. தமிழ்நாட்டில் அந்தத் திட்டக் கணக்கில் இருந்தவை 12,525 ஊராட்சிகள். இழை போய் நிற்கும் இடம் ஊராட்சி அலுவலகம் அல்லது அதுபோன்ற ஒரு அரசுக் கட்டிடம். அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரையே தரையில் உட்கார வைத்தது வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? தலைவருக்கே நாற்காலி கிடைக்காத அலுவலகத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து இணையம் பார்க்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

கீரமங்கலத்தின் கதை இன்னும் வேடிக்கை. அது பேரூராட்சி. ஆகவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம். தென்னையும் மல்லிகையும் காய்க்கிற, பூக்கிற நகரம்! ஊராட்சிகளுக்கென்று வந்த இழைக் கணக்கில் பேரூராட்சிக் காலனி கிராமமாக இல்லை. கம்பெனிக் கணக்கில் அது நகரமாகவும் இல்லை. இரண்டு வலைக்கும் நடுவில் விழுந்த மீன் போல நாங்கள்.

4

"எடத்த மாத்தி வச்சா மட்டும் வந்துருமா?" என்று தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. வரும். தமிழ்ப் பகுதியிலேயே இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உயிர் காத்த வேலை அது. எம்பலத்தில் மையத்துக்குக் கிடைத்த அறை கோயிலுக்குச் சொந்தமான இடத்தில். கணினிக்கு இடம் தேடினால் கிராமத்தில் 'பொது' என்று கிடைப்பது கோயில் இடமோ பஞ்சாயத்துக் கட்டிடமோதான். அந்தப் பொதுவில் நாம் உண்டா என்ற கேள்வியைத் தாண்டாமல் எந்தக் கம்பியும் கிராமத்துக்குள் நுழைய முடியாது.

இரண்டாவது, மதுரை மாவட்டம் மேலூர். 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அங்கே இணையக் கூடங்களைத் தொடங்கின. ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்; பத்து கிலோமீட்டர் வரைக்கும் குழி தோண்டாமல் இணைப்புக் கொடுக்கும். மக்கள் நெருக்கம் குறைந்த இடத்துக்குச் செலவைக் குறைக்கவென்றே செய்த கருவி. எழுபதுக்கும் மேற்பட்ட கூடங்கள் வந்தன. 2005 வாக்கில் பல மூடப்பட்டன. அது வேறு கதை. அந்தக் கூடங்களுக்கு யார் வந்தார்கள் என்று ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், கொஞ்சம் வசதியுள்ளவர்கள், சில குறிப்பிட்ட சாதியினர். ஆனால் கூடத்தை ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் வைத்து, அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் முன்நின்று அழைத்துவந்த இடங்களில் அந்த நிலைமை மாறியது.

மேலூர் என்றால் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். அதே வட்டாரத்து மேலவளவில்தான் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். நாலு வருசம் கழித்து அங்கே கம்பியில்லா இணையம் வந்தது. பத்து கிலோமீட்டரைத் தாண்டத் தெரிந்த அலைக்கு ஊருக்கும் சேரிக்கும் நடுவேயுள்ள நூறு கெஜத்தைத் தானாகத் தாண்டத் தெரியவில்லை. கூடத்தின் இடத்தை மாற்றி வைத்தபோது தாண்டியது.

5

பிறகு செல்போன் வந்தது. இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சிம் கார்டு சாதி கேட்காது. கொல்லைப்பக்கம் போய் நிற்க வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும் எங்கள் தெருவுப் பையன்கள் கையில் உலகம் வந்தது. 2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தபோது, சேதி எங்களை எட்டியது போன் வழியாகத்தான். அப்பாயி காலத்தில் அது நடந்திருந்தால் நாலு ஊர் தாண்டியிருக்காது.

ஆனால் அலைக்கும் நிலம் வேண்டும். டவர் நிறுத்தப் பட்டா நிலம் வேண்டும், லாரி வரப் பாதை வேண்டும். இரண்டும் யாரிடம் இருக்கிறதோ அவர் தோப்பில் டவர் நிற்கும். மாச வாடகையும் அவருக்கே போகும். காலனிக்கும் டவருக்கும் நடுவே தோப்பு. தென்னை ஓலையில் இருக்கிற ஈரம் அலையைக் குடித்துவிடும். அதிர்வெண் கூடக்கூட இன்னும் அதிகம் குடிக்கும். தவிர, காலனி பள்ளத்தில். டவரின் எல்லையோரத்தில் இருப்பவனுக்கு அலை மெலிந்து வருவதால் அதே படத்தை இறக்க அவனுக்கு அதிக நேரம் பிடிக்கும். எல்லையோரத்தில் ஒருவன் இருந்தால் பரவாயில்லை. ஒரே இடத்தில் 62 வீடு நெருங்கிக் கிடந்து எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால்? சுற்றிக்கொண்டேயிருக்கும்.

2020இல் அதைக் கண்ணால் பார்த்தோம். பள்ளிக்கூடம் மூடி, பாடம் போனுக்குள் போனபோது, ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். காலையில் அப்பா அந்தப் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். மிச்சமிருந்த பிள்ளைகள் சிக்னல் தேடி வாய்க்கால் கரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். "இங்க வந்து என்னடா கூட்டம்?" என்று ஊர்க்காரர் ஒருவர் விரட்டினார். கரையும் அவர்களுடையதாம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோதும் இதே வரிசைதான். தென்னை சாய்ந்தது, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் மாவட்டங்கள் தோறும் விழுந்தன, டவர்கள் செத்தன. வெளியூரிலிருந்து வந்து இரவு பகலாகக் கம்பம் ஊன்றிய தொழிலாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தெருவுக்கு முதலில் என்று கைகாட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

வீட்டுக்கே இழை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால், இணைப்புக் கொடுக்கும் ஒருவரிடம் போய்க் கேட்டோம். "காலனிக்குக் கம்பம் கெடையாது தம்பி. முப்பது கனெக்‌ஷன் சேத்துக் குடுங்க, பாக்கலாம்" என்றார். அதே மாசம் தோப்புக்குள் இரண்டு வீட்டுக்காக முக்கால் கிலோமீட்டர் கம்பி இழுத்திருந்தார். கேட்டதற்கு, "அவுங்க மாசாமாசம் கட்டிருவாங்க" என்றார். நாங்கள் கட்டமாட்டோம் என்பதை எந்த ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று கேட்டேன். பதில் இல்லை.

நகரத்துக்குப் போனால் தீர்ந்துவிடும் என்பவர்கள் சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்ப் பாருங்கள். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டுவாக்கில், நகரத்துக்குள்ளிருந்து பிடுங்கப்பட்ட குடிசைவாசிகளைக் கொண்டுபோய் அதே சாலையோரம் கண்ணகி நகரில் அடுக்கத் தொடங்கினார்கள். பெரும்பகுதி நம் மக்கள். நாட்டின் தகவல் தொழில்நுட்பமே ஓடும் சாலை அது; நெருக்கத்துக்கும் குறைவில்லை. அங்கிருந்து அந்தக் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நம் பெண்கள் போகிறார்கள், தரை துடைக்க. கம்பி அவர்கள் கால்மாட்டில்தான் ஓடுகிறது. சேரியை நகரத்துக்கு மாற்றினாலும் சேரி சேரியாகவே வைக்கப்படுகிறது.

6

இதெல்லாம் சினிமா பார்க்கவா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கல்லூரிப் பிள்ளையின் உதவித்தொகை மனு இணையத்தில். சாதிச் சான்றிதழ் இணையத்தில். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் தினம் இரண்டுமுறை படமெடுத்து போனில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கண்மாய்க்குள் சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் வெட்டிய மண்ணுக்கு வருகைப் பதிவு இல்லை. கம்பி நின்ற இடத்தில் கூலியும் நின்றது.

கேரள உயர்நீதிமன்றம் 2019இல், ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் அந்த மாநிலம் தொடங்கிய கே-போன் திட்டம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று குடும்பத்தை அலகாக வைத்து இலக்குச் சொன்னது. இலக்கை எட்டுவது வேறு. அலகு முக்கியம். ஊராட்சியை எண்ணினால் சேரி மறையும். குடும்பத்தை எண்ணினால் மறைக்க முடியாது.

இது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991இல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அவர்கள் 'கிராமத்துக்கு ஒரு பள்ளி இருக்கிறது' என்று எழுதிவிட்டு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் எழுத்துத் தெரியாதவர்களை எண்ணினார்கள். அந்தந்தத் தெருவிலேயே ராத்திரி விளக்கு வைத்து உட்கார்ந்தார்கள். எங்கள் அம்மா கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் கற்றது அந்தக் காலத்தில், எங்கள் தெருவில். ஊர்க்கூடத்துக்கு வா என்று கூப்பிட்டிருந்தால் அது போயிருக்காது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் தெருவைத் தேடி வந்ததால்தான் எங்கள் பிள்ளைகளை எட்டியது.

ஆகவே நம் கோரிக்கை எளிமையானது. மின்சாரக் கணக்கில் இருந்த அந்த இரண்டாவது கட்டத்தைத் திரும்பப் போடுங்கள். ஊராட்சி எத்தனை என்பதோடு ஆதிதிராவிடர் குடியிருப்பு எத்தனை, அதில் எத்தனைக்கு இழை போயிருக்கிறது என்று தனியே எழுதுங்கள். பேரூராட்சிக் காலனிகளையும் சேருங்கள். பொது இணைய அறையைக் காலனியில் வையுங்கள். ஊர்க்காரர்கள் அங்கே வரட்டும், யாரும் தடுக்க மாட்டோம். டவருக்குப் புறம்போக்கு நிலம் கொடுப்பதானால் காலனியை ஒட்டிக் கொடுங்கள். வாடகை தெருவின் பொதுக்கணக்குக்கு வரட்டும்.

அரசு எழுதும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மாணவத் தோழர்கள் அவரவர் பகுதியில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கலாம். கடைசிக் கம்பம் எங்கே நிற்கிறது, அங்கிருந்து சேரி எத்தனை அடி, சேரியில் எத்தனை வீடு: மூன்று கேள்வி போதும். எங்கள் பக்கம் தொடங்கிவிட்டோம். எங்கள் காலனிக்குக் கடைசிக் கம்பத்திலிருந்து தூரம் 410 அடி. அதை முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.